இரண்டாம் தடவை திரும்பாதவர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். பாளையங்கோட்டையில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்தபோது, மோட்டாரில் கட்டும் சீட்டில் ஆள் பெயரும் ஊரும் எழுதியிருக்கிறேன். வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசவும் வராது. இப்படிப்பட்டவன் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயத்தை, அவர் மனைவிக்கு அடுத்தபடியாகக் கேட்டவன் நான். அது வெளியே வரக் காரணமாக இருந்ததும் நான் செய்த ஒரு தவறுதான். அதனால் எழுதுகிறேன். அவர் பெயர் வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் டெக்சாஸில், பிளானோவில் இருந்தோம். என் மனைவி எஸ்தர் நர்ஸ். அவளுடைய வேலையில்தான் எங்களுக்கு கிரீன் கார்டு கிடைத்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள், புல் வெட்டும் மிஷின் ரிப்பேர் கடை ஒன்றில் ஆள் தேவை என்று அட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மோட்டார்தானங்க. அங்க கழட்டினதத்தான் இங்கயும் கழட்டப் போறீங்க. சும்மா போய் நில்லுங்க, பேசக்கூட வேண்டாம்."

அப்படியே போய் நின்றேன். கடைக்காரர் அறுபத்தைந்து வயதை ஒட்டிய ஜெர்மன்காரர். ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். ஒரு கார்புரேட்டரை எடுத்து என் முன்னால் வைத்தார். கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார். பாளையங்கோட்டை என்றால் அவருக்கு எங்கே தெரியும்? மெட்ராஸ் என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு மெட்ராஸ் ஆனேன். நான் அவரை சார் என்று கூப்பிட்டேன். "சார் வேண்டாம், நான் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை" என்றார். எனக்கு வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை. அவர் பேசியது ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. கடந்து வந்த இடத்துக்குத் திரும்பிப் போகவே மாட்டார். ஒருமுறை சாமான் வாங்க டாலஸ் பக்கம் போனோம். பேச்சு வாக்கில் ஃப்ரீவேயிலிருந்து இறங்க வேண்டிய எக்சிட்டைத் தவறவிட்டுவிட்டார். அடுத்த எக்சிட்டில் இறங்கித் திரும்பினால் பத்து நிமிஷம். அவர் திரும்பவில்லை. ஃப்ரீவேயிலேயே போய், எங்கேயோ கிழக்கே சுற்றி, ஊரையே ஒரு வளையம் போட்டு, வேறொரு பக்கத்திலிருந்து அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இன்னொரு நாள் டிரக் ஜன்னல் வழியாக அவர் தொப்பி பறந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், ரோட்டோரமாகத்தான் கிடந்தது. "சார், தொப்பி" என்றேன். "பார்த்தேன்" என்றார். வண்டி நிற்கவில்லை. மறுநாள் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

காரணத்தை அவரே ஒருநாள் சொன்னார். கடையின் பின்னறையில் ஒரு சின்னப் புகைப்படம் மாட்டியிருந்தது. வளைந்த இறக்கை கொண்ட விமானம். அதன் சக்கரத்தின் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் அவர். ஸ்டூகா என்ற அந்த விமானத்தை இரண்டாம் உலகப் போரில் ருஷ்யாவின் மேல் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறார். வானத்தில் மற்ற விமானத்தோடு சண்டை போடுவது அவர் வேலை இல்லை. தரையில் இருப்பதை அடிப்பதுதான் வேலை. பாலம், ரயில், பீரங்கி, லாரி வரிசை. செங்குத்தாகக் கீழே பாய்ந்து குண்டைப் போட்டுவிட்டு மேலே எழும்ப வேண்டும். எழும்பும்போது ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி, சில நொடிகள் கண் சாம்பலாகிவிடுமாம்.

"காலடியில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார்கள் மெட்ராஸ், குறியைப் பார்த்துப் பாய்வதற்கு. முதல் வாரத்திலேயே எஞ்சின் எண்ணெய் வழிந்து கறுத்துப் போய்விடும். அதற்குப் பிறகு யார் அதைத் துடைத்தார்கள்?"

இரண்டு பேர் போகும் விமானம் அது. ஓட்டுகிறவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். துப்பாக்கிக்காரர் அவருக்கு முதுகு காட்டி, பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். அதனால் அடித்தது பட்டதா இல்லையா என்று பின்னால் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். சாருடைய துப்பாக்கிக்காரர் ரொட்டி சுடுகிற தொழில் செய்தவர், இவரைவிட மூத்தவர், இரண்டு பிள்ளைகள். படத்தில் இரண்டாவதாக நிற்பவர் அவர்தான்.

"முதல் தடவை போனால் கீழே இருப்பவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். இரண்டாவது தடவை போனால் துப்பாக்கியை உயர்த்திக்கொண்டு காத்திருப்பார்கள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான், ஒரே பாய்ச்சல், உடனே வீடு. நான் ஒருமுறை திரும்பிப் போனேன். என் துப்பாக்கிக்காரர் போய்விட்டார்."

கடைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துக் கேட்டால் இதைத்தான் சொல்வார். பெருமையாகவும் சொல்ல மாட்டார், வருத்தமாகவும் சொல்ல மாட்டார். மூன்று முறை விழுந்து பிழைத்தது, கடைசியில் மேற்கே பறந்து வந்து அமெரிக்கர்களிடம் சரணடைந்தது, பிறகு இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் பருத்திக்கு விமானத்தில் மருந்து தெளித்தது, எல்லாம் ஒரே குரலில். "மருந்து தெளிக்க வயலுக்குத் திரும்பித் திரும்பிப் போக வேண்டுமே சார்" என்று ஒருநாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன். சிரித்தார். "ஒவ்வொரு தடவையும் பக்கத்து வரிசை. ஒரே வரிசைக்கு இரண்டு தடவை போனதில்லை."

எஸ்தர் அவரையும் அவர் மனைவியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் மனைவியும் ஜெர்மன்காரர்தான். எங்கள் தமிழ் ஜெப ஐக்கியத்தில் வரும் செல்வின் என்ற என்ஜினியரும் வந்திருந்தான். எஸ்தர் கோழிக் குழம்பும் சோறும் வைத்தாள். தட்டு காலியானதும் மறுபடி வைக்கப் போனாள். அவர் தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நோ. ஒன் டைம்."

"அதெல்லாம் எங்க வீட்ல நடக்காது அங்கிள். ரெண்டாவது தடவ வாங்கலன்னா சமையல் நல்லால்லன்னு அர்த்தம்" என்று எஸ்தர் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சண்டைக்குப் போனாள்.

செல்வின் என் காதருகே குனிந்தான். "என்ன அண்ணே, ஹிட்லர் கடையிலயா வேல பாக்குறீங்க? எத்தன பேரப் போட்டாராம்? கேட்டீங்களா?"

"சும்மா இருடே. கேட்டுறப் போறாரு."

"தமிழ்தான அண்ணே. புரியவா போகுது?"

நாலு வருஷம் பக்கத்தில் வேலை செய்தும் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்தான். அடுத்த முறை விருந்துக்கு வந்தபோது அவர் முதல் தடவையிலேயே தட்டில் மலை மாதிரி வைத்துக்கொண்டார். எஸ்தருக்குச் சந்தோஷம்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

எனக்கு 'நோ' சொல்ல வராது. ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் ஒருவர் கடைக்கு வந்தார். ஊருக்கு வெளியே சின்ன விமானத் தளம் ஒன்று உண்டு. பழைய விமானங்களில் பிரியமுள்ளவர்கள் அங்கே ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். கடைக்கு வந்தவர் அதன் தலைவர். அதே போரில் எதிர்ப்பக்கம் அமெரிக்க விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர், கலகலப்பான மனிதர். பின்னறைக் கதவு வழியாகப் படத்தைப் பார்த்துவிட்டார். கேள்வி மேல் கேள்வி. எனக்குப் பதில் சொல்ல ஆங்கிலம் போதவில்லை. பேச்சிலிருந்து தப்பிக்க, அலமாரியில் இருந்த பழைய லாக் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். போரில் ஒவ்வொரு முறை பறந்ததையும் சார் எழுதி வைத்திருந்த புத்தகம் அது. "காப்பி எடுத்துக்கொண்டு நாளைக்கே தருகிறேன்" என்றார். தலையாட்டினேன். சொன்னபடியே மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் கொண்டுவந்து தந்தார். நான் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து தலைவரிடமிருந்து சாருக்கு டெலிபோன் வந்தது. மன்றத்தில் ஜெர்மன் தெரிந்தவர் ஒருவர் பக்கங்களைப் படித்திருக்கிறார். ஒரே பறப்பில் எட்டு லாரிகளை அழித்த நாள் ஒன்று இருந்ததாம். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் அவருக்குக் கொடுத்து, மன்றத்தின் சுவரில் மாட்டப் போகிறார்களாம். அவர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். திட்டவில்லை. புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

எனக்கு ஜெர்மன் தெரியாது. எட்டு என்ற எண் தெரிந்தது.

"லாரிகள், எட்டு. என் கையெழுத்து. லாரி ஒன்றுகூட இல்லை" என்றார்.

குளிர்காலம். காட்டு வழியாகப் போகும் சாலையில் கறுப்பாக ஒரு வரிசை. பாய்ந்து அடித்தார். எழும்பும்போது பின்னாலிருந்து துப்பாக்கிக்காரரின் குரல் கேட்டது. லாரி இல்லை, குதிரை வண்டி. இறங்கி ஓடுகிறார்கள். பாவாடை கட்டியிருக்கிறார்கள்.

"நான் நம்பவில்லை. நம்பாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம், அதுதான் விதி. திரும்பினேன். சுடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. மெதுவாக, மரத்து உயரத்தில் போனேன். மெத்தையைச் சுருட்டி வண்டியில் கட்டியிருந்தார்கள். ஒரு பசு மாடு. தையல் மிஷின் ஒன்று பனியில் கிடந்தது. மற்றதையும் பார்த்தேன்." புத்தகத்தை மூடினார். "வரிசையின் கடைசியில் துணைக்கு இரண்டு மூன்று சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்கள் சுட்டது சரிதான். நான் தாழப் போனேன், மெதுவாகப் போனேன். ஒரு குண்டு. பின்னால் கூப்பிட்டேன். பதில் இல்லை. நாற்பது நிமிஷம் பறந்து வந்தேன்."

"இறங்கியதும் அதிகாரி பென்சிலோடு நின்றார். எத்தனை என்றார். எட்டு என்றேன். என்ன என்றார். லாரி என்றேன். அதற்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். துப்பாக்கிக்காரரின் மனைவிக்குக் கடிதம் எழுதினேன், உங்கள் கணவர் எதிரியின் லாரி வரிசையைத் தாக்கும்போது இறந்தார் என்று. அந்த அம்மாள் நன்றி சொல்லி எனக்குக் காலுறை பின்னி அனுப்பினார். எல்லோருக்கும் நான் திரும்பிப் போன கதையைச் சொல்லியிருக்கிறேன், மெட்ராஸ். ஏன் திரும்பினாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை."

நானும் கேட்டதில்லை. எழுந்து போய்ப் பிளேடு தீட்டினேன்.

மறுநாள் அவர் சாமான் வாங்கப் போயிருந்தபோது அவர் மனைவி கடைக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும். இப்போது மன்றத்துக்காரர்களிடமும் சொல்லப் போகிறேன் என்கிறார். சாப்பாட்டு வேளையில், எல்லோர் முன்னாலும். உடம்பு சரியில்லை, வரவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். நீ அவரிடம் சொல்."

"நான் சொன்னால் கேட்க மாட்டார், அம்மா."

"நீ எதுவுமே சொன்னதில்லை. அதனால் கேட்பார்." கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இந்த ஊருக்கு வந்த புதிதில் எங்கள் ஜன்னலில் கல் விழுந்தது. தெருவில் எனக்கு குட் மார்னிங் சொல்ல ஏழு வருஷம் ஆயிற்று. இப்போது சர்ச்சில் கேக் என்றால் நான்தான். எனக்கு அறுபத்திரண்டு வயது. இன்னொரு ஊரில் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க என்னால் முடியாது."

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க புக்க எடுத்துக் குடுத்ததாலதான இவ்வளவும்? ஒரு வார்த்த, வேண்டாம் சார்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிரும்? அந்தம்மாவ நெனச்சா பாவமா இருக்கு."

"அப்ப சொல்லிரட்டுமா?"

"இருங்க." கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க வார்டுல மருந்து மாத்திக் குடுத்துட்டா சார்ட்ல எழுதியே ஆகணும். குடுத்தது தப்புன்னாலும் மன்னிப்பாங்க. மாத்தி எழுதினா வேலைய விட்டே அனுப்பிருவாங்க. அவரு மாத்தி எழுதிட்டு நாப்பது வருஷமா வச்சிருக்காரு." மறுபடி கத்தியை எடுத்தாள். "எனக்குத் தெரியலங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ."

எனக்கு எப்படியும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் என்னையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டார். நடுவில் அவர் மனைவி மடியில் கேக் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் அந்த அம்மாள் என் முழங்கையை லேசாக இடித்தார்.

"சார்" என்றேன்.

"என்ன, மெட்ராஸ்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஒன்றும் இல்லை, சார்."

விமானக் கொட்டகைக்குள் நீளமாக மேஜை போட்டிருந்தார்கள். ஐம்பது பேர் இருக்கும். வறுத்த மாட்டிறைச்சியும் அவித்த சோளமும் சாப்பிட்டு முடித்ததும் தலைவர் எழுந்து அன்பாகப் பேசினார். எதிரியாக இருந்தவர் இன்று நம்மில் ஒருவர் என்றார். கை தட்டினார்கள். சட்டம் போட்ட பக்கத்தைக் கொடுத்தார். இவர் அதைக் கையில் வாங்கி, மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். அதே குரல். மெத்தை, பசு மாடு, தையல் மிஷின். என்னிடம் 'மற்றதையும்' என்று விட்டதை அங்கே விடவில்லை. அதை நான் எழுத மாட்டேன். பாதியில் ஒரு பெண் எழுந்து வெளியே போனார்.

முடித்ததும் முன் வரிசையில் ஒருவர், "அவ்வளவு உயரத்திலிருந்து உனக்கு எப்படித் தெரிந்திருக்கும், நண்பா? தெரிந்திருக்க வழியே இல்லை" என்றார். பலர் தலையாட்டினார்கள்.

"முதல் தடவை தெரியாது. எட்டு லாரி என்று எழுதும்போது தெரியும்" என்றார் அவர்.

தலைவர் சட்டத்தைத் தூக்குவதா விடுவதா என்று தெரியாமல் அதன் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். சாரின் மனைவி எழுந்தார். டப்பாவைத் திறந்து, கேக்கை வெட்டி, காகிதத் தட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்து வரிசையாக அடுக்கினார். எல்லோரும் தங்கள் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நீள மேஜையின் மறுமுனையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பேர் பார்க்க எழுந்து நடப்பதென்றால் எனக்குக் கால் வராது. எப்படியோ எழுந்து போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் பிறகு நாலைந்து பேர் வந்து எடுத்தார்கள். மீதியை அவர் மறுபடி டப்பாவில் வைத்து மூடினார்.

மறுநாள் திங்கட்கிழமை. கடையை வழக்கம்போல் ஏழு மணிக்குத் திறந்தோம். பதினொரு மணிக்குள் மூன்று பேர் வந்து, ரிப்பேருக்கு விட்டிருந்த மிஷின்களை ரிப்பேர் பார்க்காமலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றையும் அவரே தூக்கி அவரவர் வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். நான்காவதாக வந்தவர் பிளேடு தீட்டக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.